சுவர் மின் கணப்பு: ஒரே சுவரில் மூன்று கோளாறுகள்

"ஃபிளேம் எரியுது, ஆனா சூடு வரல." சுவரில் மின் கணப்பு (தீ எரிவது போல வெளிச்சம் காட்டி, சூடும் தரும் ஹீட்டர்) மாட்டிய பிறகு வரும் புகார்களில் இது முதல் ரகம். "ஒரு பக்கம் இறங்கின மாதிரி இருக்கு" என்பது இரண்டாவது. மூன்றாவதை யாரும் புகாராகச் சொல்வதில்லை. பிளக்கை உருவிப் பார்த்தால் ஒரு பின் மட்டும் பழுப்பேறியிருக்கும், அவ்வளவுதான். ஆபத்து அதில்தான் அதிகம்.

தனித்தனி வீடுகளில் வரும் இந்த மூன்றையும் ஒரே சுவரில் ஏற்றி ஒரு மாதிரி நிகழ்வாக இங்கே எடுத்துக்கொள்கிறோம். அளவுகள் சந்தையில் பரவலாக உள்ள யூனிட்டுகளை ஒட்டியவை. எந்த மாடலானாலும் அதன் கையேட்டில் உள்ள இடைவெளிகளும் மின் விவரமுமே இறுதியானவை. அவை இங்குள்ள எண்களோடு முரண்பட்டால் கையேட்டையே பின்பற்றுங்கள்.

மாட்டியிருந்த விதம்

யூனிட்டின் அகலம் 127 செ.மீ., உயரம் 46, ஆழம் 14. முன் கண்ணாடியோடு எடை 24 கிலோ. 230 வோல்ட்டில் 1,000 வாட், 2,000 வாட் என்று இரண்டு நிலை. காற்றை உறிஞ்சும் துளைகள் மேல்விளிம்பில், சூடு வெளியேறும் நீள்துளை முன்பக்கத்தின் மேல்பகுதியில்.

சுவர் 12.5 மி.மீ. ஜிப்சம் போர்டு. உள்ளே போர்டைத் தாங்கும் செங்குத்துச் சட்டங்கள், அதாவது 45 மி.மீ. தடிமனுள்ள மர ஸ்டட்கள், மையத்துக்கு மையம் 60 செ.மீ. யூனிட்டின் அடிவிளிம்பு தரையிலிருந்து 55 செ.மீ. அப்படியானால் மேல்விளிம்பு 101. அதற்கு 15 செ.மீ. மேலே, சுவரிலிருந்து 20 செ.மீ. நீட்டிக்கொண்டு ஒரு மரப்பலகை. பலகைக்குச் சற்று மேலே, 125 செ.மீ. உயரத்தில் டிவியின் கீழ்விளிம்பு.

கரண்ட் எடுத்தது டிவிக்காக ஏற்கெனவே இருந்த சாக்கெட்டிலிருந்து. நடுவே 5 மீட்டர் எக்ஸ்டென்ஷன் பாக்ஸ். அதன் மீதி ஒயர் சுருட்டப்பட்டு யூனிட்டின் பின்னால் செருகப்பட்டிருந்தது. வெளியே ஒரு ஒயரும் தெரியவில்லை, பார்வைக்குக் குறையே இல்லாத வேலை.

பிளக் ஏன் பழுப்பேறியது

2,000 வாட்டை 230 வோல்ட்டால் வகுத்தால் 8.7 ஆம்பியர். இது மிக்ஸி போல ஒரு நிமிடம் இழுத்துவிட்டு நிற்கும் லோடு அல்ல. குளிர் இரவில் நான்கைந்து மணி நேரம் விடாமல் ஓடும்.

எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் இருந்தது 0.75 ஸ்கொயர் எம்எம் ஒயர். அந்தத் தடிமனுள்ள தாமிர ஒயருக்குக் கிலோமீட்டருக்கு 26 ஓம் தடை. 5 மீட்டர் ஒயரில் கரண்ட் போய்த் திரும்பும் தூரம் 10 மீட்டர், எனவே 0.26 ஓம். ஆம்பியரின் வர்க்கத்தைத் தடையால் பெருக்கினால் கிட்டத்தட்ட 20 வாட் ஒயரிலேயே சூடாகப் போகிறது. தரையில் நீட்டிக் கிடந்தால் மீட்டருக்கு 4 வாட், தொட்டால் வெதுவெதுப்புத்தான். அதையே கைப்பிடி அளவுக்குச் சுருட்டி, காற்றுப் போகாத இடத்தில் திணித்தால் 20 வாட்டும் ஓரிடத்தில் தேங்கும். மேலுறை இளகத் தொடங்குவது அப்படித்தான்.

பழுப்பேறிய பின்னின் கதை வேறு. சாக்கெட் யூனிட்டுக்கு நேர் பின்னால் இருந்தது. சுவருக்கும் யூனிட்டுக்கும் நடுவே பிளக்கின் தலைக்கு இடமில்லை. சுவரில் பதித்த தாங்கியான பிராக்கெட்டில் யூனிட்டை அழுத்தி மாட்டியபோது பிளக் கீழ்நோக்கிச் சாய்ந்துவிட்டது. பின்னை நான்கு பக்கமும் கவ்வ வேண்டிய சாக்கெட்டின் தகடு ஒரு ஓரத்தில் மட்டும் தொட்டுக்கொண்டிருந்தது. அந்தத் தொடுமுனையில் 0.1 ஓம் தடை இருந்தாலே 7.6 வாட் சூடு பிறக்கும். 20 வாட் 5 மீட்டரில் பரவுகிறது, இந்த 7.6 வாட்டோ பட்டாணி அளவுகூட இல்லாத உலோகத்தில் நிற்கிறது. சிறிய சால்டரிங் அயர்னே 25 வாட்தான் என்பதை நினைத்தால் இதன் கடுமை புரியும். சூட்டில் தகட்டின் விறைப்பு போகிறது, பிடி இன்னும் தளர்கிறது, தடை இன்னும் ஏறுகிறது. எம்சிபி (கரண்ட் மிகுந்தால் தானே இறங்கும் சுவிட்ச்) இதைக் கண்டுகொள்ளாது. அதன் கணக்கில் ஓடுவது அதே 8.7 ஆம்பியர்தான், டிரிப் ஆகக் காரணமே இல்லை.

சாக்கெட்வரை வரும் லைனில் லூஸ் கனெக்ஷன் இருந்தால் கண்டுபிடிக்க மல்டிமீட்டர் போதும். ஹீட்டர் ஆஃபில் இருக்கும்போது சாக்கெட்டில் எத்தனை வோல்ட் என்று குறித்துக்கொள்ளுங்கள். 2,000 வாட்டில் ஐந்து நிமிடம் ஓடவிட்டு, அதே சாக்கெட்டின் இன்னொரு வாயில் மீண்டும் அளக்க வேண்டும். 2.5 ஸ்கொயர் எம்எம் தாமிர ஒயர் 20 மீட்டர் தூரம் வந்திருந்தால் இறக்கம் சுமார் 2.6 வோல்ட் இருக்கும். 8 வோல்ட் இறங்கினால் மிச்சம் 5.4 வோல்ட் எங்கோ ஒரு ஜாயின்ட்டில் தொலைகிறது. 8.7 ஆம்பியரால் பெருக்கினால் 47 வாட். டிஸ்ட்ரிபியூஷன் பாக்ஸிலும் (எம்சிபிகள் உள்ள பெட்டி) அதே நேரத்தில் அளந்து, வெளி சப்ளையே இறங்கவில்லை என்று உறுதி செய்த பிறகே இந்த முடிவுக்கு வர வேண்டும். பாக்ஸைத் திறந்து அளப்பது எலக்ட்ரீஷியன் வேலை.

120 வோல்ட் நாடுகளில் நெருக்கடி இன்னும் அதிகம். 1,500 வாட் யூனிட்டே 12.5 ஆம்பியர் இழுக்கும். 15 ஆம்பியர் சர்க்யூட்டில் மணிக்கணக்கில் ஓடும் லோடு 80 சதவீதத்துக்குள், அதாவது 12 ஆம்பியருக்குள் இருக்க வேண்டும் என்பது அங்குள்ள வழக்கம். எனவே கணப்புக்கென்று தனியாக 20 ஆம்பியர் சர்க்யூட் இழுப்பதே நல்லது.

வலப்பக்கம் இறங்கியது

பிராக்கெட்டில் இரண்டு பத்தித் துளைகள், 80 செ.மீ. இடைவெளியில். ஸ்டட்களின் இடைவெளி 60. இடப் பத்தி ஒரு ஸ்டட்டில் சரியாக உட்கார்ந்தால், வலப் பத்தி அடுத்த ஸ்டட்டைத் தாண்டி 20 செ.மீ. தள்ளி வெறும் போர்டில்தான் விழும். அங்கே போட்டிருந்தது செங்கல் சுவருக்கான சாதாரண ராவல் பிளக், அதாவது ஸ்க்ரூவைப் பிடிக்கத் துளையில் செருகும் உறை. செங்கல்லில் அது விரிந்து இறுகும். ஜிப்சத்தில் விரிய விரியத் துளையின் ஓரத்தை மாவாக்கும்.

இங்கே ஒரு கணக்கு ஆளை ஏமாற்றும். யூனிட்டின் எடை மையம் சுவரிலிருந்து சுமார் 7 செ.மீ., அது பிராக்கெட்டில் தொங்கும் கொக்கி அடிவிளிம்பிலிருந்து 40 செ.மீ. உயரத்தில். கொக்கியை வெளியே இழுக்கும் விசை 24 கிலோவை 7-ஆல் பெருக்கி 40-ஆல் வகுத்தால் 4.2 கிலோ எடைக்குச் சமம். ஜிப்சமே தாங்குமே என்று தோன்றும். வெளியே பிடுங்கும் விசை உண்மையில் சிறியதுதான். ஆனால் ஸ்க்ரூ பிடுங்கிக்கொண்டு வந்ததால் இறங்கவில்லை. கீழ்நோக்கிய எடை துளையின் அடி ஓரத்தை நசுக்கியது, காற்றைத் தள்ளும் பிளோயரின் அதிர்வும் துடைக்கும்போது கைபடும் அழுத்தமும் கொஞ்சம் கொஞ்சமாக நசுக்கலை வளர்த்தன. வலப் பத்தி 4 மி.மீ. இறங்கினால், 127 செ.மீ. அகலத்துக்கு அது 6 மி.மீ.க்கு மேல் தெரியும். மேலே டிவியின் நேர்க்கோடு வேறு இருக்கிறது. கண் உடனே பிடித்துவிடும்.

அடிப்பக்கத்தில் யூனிட்டைச் சுவரோடு பூட்டும் இரண்டு ஸ்க்ரூக்களும் போடப்படவில்லை. மேலே கொக்கியில் மாட்டினால் நிற்கிறதே என்று விட்டுவிடுகிறார்கள். அவை எடை தாங்க அல்ல. யாராவது கீழிருந்து முட்டினால் யூனிட் கொக்கியிலிருந்து எழும்பிக் கழன்றுவிடாமல் காப்பது அவைதான். குழந்தைகள் உள்ள வீட்டில் அந்த இரண்டு ஸ்க்ரூ இல்லாமல் பிளக்கைச் செருகக்கூடக் கூடாது.

ஃபிளேம் உண்டு, சூடு இல்லை

தீ போலத் தெரிவது எல்இடி வெளிச்சம். உள்ளே ஒரு தண்டு மெதுவாகச் சுழல்கிறது, அதில் ஒட்டிய மினுங்கும் தகடுகள் வெளிச்சத்தை உடைத்துத் திரையில் எறிகின்றன. சூடு தனியே, மேலே உள்ள ஹீட்டரிலிருந்தும் பிளோயரிலிருந்தும் வருகிறது. இரண்டுக்கும் தொடர்பில்லை என்பதால் ஹீட்டர் நின்றாலும் தீ எரிந்துகொண்டே இருக்கும். வீட்டாருக்கு அது பழுதாகத் தெரிகிறது. பெரும்பாலும் யூனிட் தன்னைக் காத்துக்கொள்கிறது.

பிளோயர் நொடிக்கு 40 லிட்டர் காற்றைத் தள்ளுவதாக வைத்துக்கொள்வோம். 2,000 வாட் அந்தக் காற்றைச் சுமார் 41 டிகிரி ஏற்றும். அறை 20 டிகிரி என்றால் வெளியே வருவது 61. இந்த வீட்டில் நடந்தது வேறு. முன்பக்கம் வெளியேறிய சூடு மேலே எழுந்தது. யூனிட்டைவிட 6 செ.மீ. முன்னால் நீண்டிருந்த பலகை அதைத் தடுத்துப் பின்னால் மடக்கியது. அங்கேதான் உறிஞ்சும் துளை. உள்ளே போகும் காற்றே 35 டிகிரி என்றால் வெளியேறுவது 76, அது மறுபடி பலகையில் மோதும். இப்படியே சுற்றிச் சுற்றி ஏறினால், ஹீட்டருக்குப் பக்கத்தில் உள்ள வெப்பக் கட்-ஆஃப் கரண்டைத் துண்டித்துவிடும். தூசியும் இதே வேலையைச் செய்யும். காற்றோட்டம் பாதியானால் ஏற்றம் 83 டிகிரி, கணக்கு 100 டிகிரியைத் தாண்டிவிடும்.

பலகை இன்னொரு குழப்பத்தையும் உண்டாக்குகிறது. தெர்மோஸ்டாட்டின் சென்சார் பல மாடல்களில் உறிஞ்சும் பாதையில்தான் இருக்கும். அறை 18 டிகிரியில் இருக்க, சென்சாருக்கு 26 என்று தெரிந்தால், "போதும்" என்று அதுவே ஹீட்டரை நிறுத்தும். எது நடந்தது என்று பிரித்தறிய வேண்டும். தெர்மோஸ்டாட்டை உச்சத்தில் வையுங்கள். ஹீட்டர் திரும்ப வந்தால் நின்றதற்குத் தெர்மோஸ்டாட்தான் காரணம். வராவிட்டால் சுவிட்சை அணைத்து, பிளக்கை உருவி, பத்து நிமிடம் ஆறவிடுங்கள். பிறகு ஓடி, கால் மணியில் மறுபடி நின்றால் காற்றுப் பாதையில் கோளாறு. ஆறிய பிறகும் வராவிட்டால் ஒருமுறை மட்டும் உருகும் ஃபியூஸோ ஹீட்டர் கம்பியோ போயிருக்கலாம், சர்வீஸுக்கு அனுப்ப வேண்டியதுதான். கட்-ஆஃபை ஒயர் போட்டு இணைத்து "சரி" செய்து தருகிறேன் என்பவரை வாசலோடு அனுப்பிவிடுங்கள்.

காற்று எங்கே போகிறது என்று பார்க்க ஒரு சாண் நீள டிஷ்யூ பேப்பர் பட்டை போதும். கையில் பிடித்து மேல்விளிம்பின் பின்பக்கம் கொண்டுபோனால் பட்டை துளையை நோக்கி வளைய வேண்டும், அந்தக் காற்று அறைச் சூட்டில் இருக்க வேண்டும். விரலுக்கே வெதுவெதுப்பாகப் பட்டால் சுழற்சி நடக்கிறது.

கழற்றி மறுபடி மாட்டியது

முதல்முறை சுவரில் இடம் பார்த்துவிட்டு, பிறகு கரண்டைத் தேடி, காற்றை நினைக்கவே இல்லை. இரண்டாம் முறை வரிசை தலைகீழ்.

பலகை போயிற்று. டிவியை நகர்த்தாமல் யூனிட்டை 15 செ.மீ. இறக்கி, அடிவிளிம்பு 40, மேல்விளிம்பு 86 என்று வைத்தால் டிவிக்கு 39 செ.மீ. இடைவெளி கிடைக்கிறது. பல டிவிகள் 40 டிகிரிக்கு மேற்பட்ட சூழலில் ஓடக் கூடாது என்று கையேட்டில் இருக்கும். எனவே ஒரு மணி நேரம் ஓட்டி, டிவியின் கீழ்விளிம்பில் தெர்மாமீட்டர் வைத்துப் பார்த்தே திருப்திப்பட வேண்டும். முன்பக்கம் 90 செ.மீ. வரை சோபா, திரைச்சீலை எதுவும் வரக் கூடாது. சூடு முன்பக்க அடியில் வெளியேறும் மாடலாக இருந்தால் டிவி பிரச்சினை பாதி குறைந்திருக்கும். வாங்கும் முன் கேட்க வேண்டிய முதல் கேள்வி அதுவே, தீ எத்தனை நிறத்தில் வரும் என்பதல்ல.

அடுத்து கரண்ட். டிஸ்ட்ரிபியூஷன் பாக்ஸிலிருந்து தனி லைன், 2.5 ஸ்கொயர் எம்எம் தாமிரம், எர்த்தோடு. 16 ஆம்பியர் எம்சிபி, 30 மில்லி ஆம்பியர் கசிந்தாலே கரண்டைத் துண்டிக்கும் கசிவுக் காப்பு. சாக்கெட் யூனிட்டின் வலது விளிம்புக்கு வெளியே 10 செ.மீ. தள்ளி, தரையிலிருந்து 30 செ.மீ. உயரத்தில். கண்ணுக்குத் தெரிகிறதே என்று முகம் சுளிப்பார்கள். தெரியட்டும். யூனிட்டைக் கழற்றாமல் பிளக்கை உருவ முடிய வேண்டும். யூனிட்டோடு வரும் 1.5 மீட்டர் ஒயரைச் சுவருக்குள் செருகி மறைப்பதும் கூடாது. அது வெளியே கிடப்பதற்கான வளையும் ஒயர், சுவருக்குள் புதைக்கும் ஒயரிங் வேறு ரகம். மீதி ஒயரை இறுக்கிக் கட்டாமல் யூனிட்டுக்குக் கீழே ஒரு பெரிய வளைவாக விடலாம்.

பிறகுதான் சுவர். எம்சிபியை இறக்கி, டெஸ்டரால் உறுதி செய்துவிட்டு, இரண்டாவது ஸ்டட்டின் மையத்திலிருந்து மூன்றாவதன் மையம்வரை 60 செ.மீ. அகலம், 25 செ.மீ. உயரத்துக்குப் போர்டை வெட்டி எடுக்க வேண்டும். ஸ்டட் எங்கே என்று காட்டுவதற்கு ஒரு சின்னக் காந்தம் போதும், போர்டை அறைந்த ஸ்க்ரூக்களில் அது வரிசையாக ஒட்டிக்கொண்டு போகும். 2 மி.மீ. டிரில்லால் துளைத்து மரத்தூள் வருகிறதா என்று பார்த்த பின்பே கோடு போடுங்கள். வெள்ளைத் தூள் மட்டும் வந்து டிரில் சட்டென்று உள்ளே போனால் அது வெற்றிடம்.

இரண்டு ஸ்டட்களுக்கு நடுவே தெளிவான இடம் 55.5 செ.மீ. அந்த நீளத்துக்கு 45 மி.மீ. தடிமன், 145 மி.மீ. அகலமுள்ள மரக்கட்டையை அறுத்துக் குறுக்கே வைத்து, ஒவ்வொரு முனையிலும் 80 மி.மீ. ஸ்க்ரூ இரண்டைச் சாய்வாக ஓட்டி ஸ்டட்டோடு பிணைக்க வேண்டும். கட்டையின் முன்முகம் ஸ்டட்டின் முகத்தோடு ஒரே மட்டமாக இருப்பது அவசியம். 3 மி.மீ. உள்வாங்கினாலும் பிராக்கெட்டை இறுக்கும்போது போர்டு உள்ளே குழியும். சாக்கெட்டுக்கான லைன் கூரையிலிருந்து இறங்குகிறதென்றால், கட்டையைப் பொருத்தும் முன்பே அதில் 20 மி.மீ. துளை போட்டுவிட வேண்டும். பொருத்திய பிறகு ஞாபகம் வந்தால், அந்த இடுக்கில் டிரில் நுழையாது, கட்டையைத்தான் கழற்ற வேண்டியிருக்கும்.

போர்டை மூடி, பிராக்கெட்டின் கொக்கி வரி தரையிலிருந்து 80 செ.மீ. வருமாறு ரசமட்டம் வைத்துக் கோடு. தரையிலிருந்து இரு பக்கமும் அளந்து இணைப்பது தவறு, தரையே மட்டமாக இருக்கும் என்று நம்ப முடியாது. 4 மி.மீ. முன்துளை, அதில் 6 மி.மீ. தடிமன், 60 மி.மீ. நீள மர ஸ்க்ரூ நான்கு. பிராக்கெட்டையும் போர்டையும் கழித்தால் 45 மி.மீ. மரத்துக்குள் இருக்கும். இடப் பத்தி பழையபடி ஸ்டட்டில், வலப் பத்தி இப்போது கட்டையில். பழைய துளைகளில் மேல்வரிசை 95 செ.மீ. உயரத்தில் வெளியே தெரியும், அதைப் பட்டி பூசி அடைக்க வேண்டும். கீழ்வரிசை யூனிட்டுக்குப் பின்னால் ஒளிந்துவிடும்.

செங்கல் சுவராக இருந்தால் இந்த மரவேலை எதுவும் வேண்டாம். 8 மி.மீ. பிட்டில் துளை, 50 மி.மீ. ராவல் பிளக். பூச்சின் தடிமனைக் கழித்துவிட்டு, பிளக் முழுவதும் செங்கல்லுக்குள் போகும் ஆழத்துக்குத் துளைக்க வேண்டும். பூச்சில் பாதி, செங்கல்லில் பாதி என்று நிற்கும் பிளக்தான் பிறகு பெயர்ந்து வரும்.

யூனிட்டைத் தூக்க இரண்டு பேர். கண்ணாடியைக் கழற்றித் தனியே வைத்துவிட்டுத் தூக்குங்கள். கொக்கி இரண்டு பக்கமும் விழுந்ததா என்று கீழே லேசாக இழுத்துப் பார்த்து, அடி ஸ்க்ரூக்கள் இரண்டையும் போட்ட பிறகு அலங்காரக் கற்களைப் பரப்பி, கடைசியில் கண்ணாடி. கண்ணாடியின் ஸ்க்ரூக்களுக்குப் பவர் டிரில் வேண்டாம். ஒன்றை முழுவதும் இறுக்கிவிட்டு அடுத்ததற்குப் போனால் மூலையில் விரிசல் விழும். எல்லாவற்றையும் பாதி பாதியாக, கையால்.

ஓட்டிப் பார்க்கும்போது

முதலில் சூடில்லாமல் தீ மட்டும். "டிக், டிக்" என்று சீரான சத்தம் வந்தால் சுழலும் தண்டின் தகடு எங்கோ உரசுகிறது. பெட்டி முகம் கீழாகக் கிடந்து வந்திருந்தால் தகடு வளைந்திருக்கும், அல்லது பேக்கிங் ஸ்பாஞ்ச் ஒரு துண்டு உள்ளே தங்கியிருக்கும். சீரற்ற "கர்ர்" சத்தம் என்றால் பெரும்பாலும் யூனிட்டின் முதுகு சுவரில் அதிர்கிறது, அடி மூலைகளில் இரண்டு ஃபெல்ட் துண்டு ஒட்டினால் அடங்கும்.

பிறகு ஜன்னலைத் திறந்து வைத்து 2,000 வாட்டில் ஒரு மணி நேரம். ஹீட்டரில் படிந்த தூசும் தயாரிப்பு எண்ணெயும் கருகும் வாடை முதல் ஓட்டத்தில் வரும், பிறகு மறையும். மீன் வாடை போலவோ பிளாஸ்டிக் உருகுவது போலவோ வந்தால் அது வேறு. உடனே எம்சிபியை இறக்கிவிட்டு சாக்கெட்டைப் பாருங்கள். ஒரு மணி முடிந்ததும் அணைத்து, பிளக்கின் தலையைத் தொடலாம். வெதுவெதுப்பு இருக்கலாம், கையை எடுக்க வைக்கும் சூடு இருக்கக் கூடாது.

இவ்வளவு செய்தும் அறை சூடாகவில்லை என்றால் யூனிட்டைக் குறை சொல்ல முடியாது. 2,000 வாட் மின் கணப்பு தருவது வேறு எந்த 2,000 வாட் ஹீட்டரும் தரும் அதே சூடுதான். ஓரளவு காப்புள்ள வீட்டில் சதுர மீட்டருக்கு 100 வாட் என்று கொண்டால் 20 சதுர மீட்டர் அறையோடு அதன் எல்லை முடிகிறது. மாடிப்படியோடு திறந்து கிடக்கும் கூடத்தில் அது சோபாவில் உட்கார்ந்தவரின் முழங்காலைத்தான் சூடாக்கும். நான்கு மணி நேரம் ஓடினால் 8 யூனிட் மின்சாரம். தீயின் அழகு மட்டும் போதும் என்ற நாட்களில் ஹீட்டரை அணைத்துவிட்டால், எல்இடிக்கும் சிறு மோட்டாருக்கும் பெரிய செலவில்லை.

ஒவ்வொரு குளிர்காலத் தொடக்கத்திலும், பிளக்கை உருவிவிட்டு, மேல்விளிம்புத் துளைகளில் வாக்குவம் கிளீனரின் பிரஷ் முனையை ஓட்டுங்கள். அன்றே பிளக்கின் பின்களையும் வெளிச்சத்தில் ஒருமுறை திருப்பிப் பாருங்கள். ஒரு வேலை இவற்றுக்கெல்லாம் முன்னால் முடிந்திருக்க வேண்டும்: போர்டை மூடும் முன், டேப்பை விரித்துப் பிடித்து, கட்டை எந்த உயரத்தில் இருக்கிறது, ஒயர் எந்த ஓரமாக இறங்குகிறது என்று தெரியும்படி ஒரு போட்டோ. அதை அச்சடித்து டிஸ்ட்ரிபியூஷன் பாக்ஸின் கதவுக்குள் ஒட்டிவிட்டால், அடுத்து அந்தச் சுவரில் டிரில் வைப்பவர் ஒயரைத் தேடித் தட்டிக்கொண்டிருக்க வேண்டியதில்லை.